செயற்கை இடுப்பு மூட்டு வலிக்காமலே தேயும்: அப்பாவின் இரண்டாவது ஆபரேஷனில் தெரிந்துகொண்டவை

வீட்டில் யாருக்காவது செயற்கை இடுப்பு மூட்டு இருந்தால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அந்த மூட்டு தேயும்போது வலிக்காது. ஆள் நன்றாக நடப்பார், படி ஏறுவார், சந்தைக்குப் போய் வருவார். உள்ளே பிளாஸ்டிக் தேய்ந்து, அதன் பொடி எலும்பைக் கரைத்துக்கொண்டிருக்கும். வலி என்று ஒன்று வரும்போது பெரும்பாலும் எலும்பு கணிசமாகப் போய்விட்டிருக்கும். என் அப்பாவுக்கு அப்படித்தான் ஆனது. தம்பி வளைகுடாவில், அம்மைக்கு சர்க்கரையும் கண் பார்வைக் குறைவும். ஆஸ்பத்திரி, ஸ்கேன், பணம், கையெழுத்து எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான். யாராவது முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சின்ன ஆபரேஷனோடு முடிந்திருக்கும் என்று தெரிந்த அன்று வந்த ஆத்திரம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

அப்பா கன்னியாகுமரி மாவட்டம் அருமனைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. தொடை எலும்பின் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று அது நசுங்கிப் போனதால் 2006-ல் வலது இடுப்பு மூட்டை மாற்றினார்கள். இந்த மூட்டில் நான்கு பாகம் உண்டு. இடுப்பெலும்புக் குழிக்குள் அடித்து உட்கார வைக்கும் உலோகக் கிண்ணம். அதற்குள் மாட்டும் லைனர் என்ற உள்ளுறை. அந்த லைனருக்குள், சிரட்டைக்குள் கோலிக்குண்டு கிடப்பதுபோல் சுழலும் பந்து. பந்தைத் தாங்க, தொடை எலும்புக்குள் இறக்கிய தண்டு. அப்பாவுக்கு வைத்தது 28 மில்லிமீட்டர் கோபால்ட் குரோமியப் பந்து, பழைய வகை பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த லைனர். சிமெண்ட் இல்லாமல், டைட்டானியக் கிண்ணத்தின் சொரசொரப்பில் எலும்பு வளர்ந்து பிடித்துக்கொள்ளும் முறை. தேய்வது பந்தும் லைனரும் உரசும் இடத்தில். உலோகப் பந்தும் பிளாஸ்டிக் லைனரும் சேரும்போது தேய்மானம் கிட்டத்தட்ட முழுவதும் லைனருக்குத்தான்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது கொடுத்த தாளில் உடற்பயிற்சி இருந்தது, மாத்திரை இருந்தது, தையல் பிரிக்கும் தேதி இருந்தது. ஒவ்வொரு வருஷமும் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள் என்று எங்குமே இல்லை. என்ன கம்பெனி, என்ன சைஸ் என்பதும் இல்லை. அந்த ஒரு விடுபடல்தான் பிற்பாடு எங்களுக்கு லட்சக்கணக்கில் செலவு வைத்தது.

தேய்மானத்தின் கணக்கைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற டாக்டர் 1950-களின் கடைசியில் டெஃப்லான் கிண்ணம் வைத்துப் பார்த்தார். சில வருஷத்திலேயே அது தேய்ந்து, பொடி சேர்ந்து, சுற்றியுள்ள திசு வீங்கிப் பல பேருக்குத் திரும்ப ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. 1962-ல் அவர் உயர் அடர்த்தி பாலிஎத்திலீனுக்கு மாறினார். இன்றைய மூட்டெல்லாம் அந்த வழியில் வந்ததுதான். பழைய வகை பாலிஎத்திலீன் சராசரியாக வருஷத்துக்கு 0.1 மில்லிமீட்டர் தேயும். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் 28 மில்லிமீட்டர் பந்து 0.1 மில்லிமீட்டர் உள்ளே இறங்கினால் சுமார் 60 கன மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பொடியாகிறது. பந்து 36 மில்லிமீட்டராக இருந்தால் அதே ஆழத்துக்கு 100-ஐத் தாண்டும். அந்தப் பொடியில் பெரும்பங்கு ஒரு மைக்ரானுக்கும் சின்னத் துகள், ஒவ்வொரு அடிக்கும் லட்சக்கணக்கில் உதிர்வது. உடம்பின் மேக்ரோஃபேஜ் செல்கள் அதைக் கிருமி என்று நினைத்து விழுங்கும். செரிக்க முடியாது. அப்போது அவை விடும் ரசாயனச் செய்தி, எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டிவிடும். கிண்ணத்துக்குப் பின்னாலும் தண்டின் ஓரத்திலும் எலும்பு பொக்கையாகும். டாக்டர்கள் இதை ஆஸ்டியோலைசிஸ் என்பார்கள். தேய்மானம் வருஷத்துக்கு 0.05 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் இது அநேகமாக வருவதில்லை. 0.1-ஐத் தாண்டினால் ஆபத்து ஏறிக்கொண்டே போகும். எலும்பு பொக்கையாகும்போது வலி இருக்காது. கிண்ணமோ தண்டோ பிடி விட்டு ஆட ஆரம்பித்தாலோ, மெலிந்த எலும்பு ஒடிந்தாலோதான் வலிக்கும்.

இன்னொன்று, மூட்டு தேய்வது வயசுக் கணக்கில் அல்ல, நடைக் கணக்கில். லேபில் சோதிக்கும்போது 10 லட்சம் சுற்றை ஒரு வருஷ நடைக்குச் சமமாக வைப்பார்கள். ஐஎஸ்ஓ தரநிலையில் 50 லட்சம் சுற்று ஓட்டி, லைனர் எவ்வளவு எடை குறைந்தது என்று பார்ப்பார்கள். வீட்டோடு இருக்கும் பெரியவருக்கு அந்தக் கணக்கு சரி. அப்பா ஆபரேஷன் முடிந்து ஆறேழு மாசத்தில் திரும்பப் பால்வெட்டுக்குப் போனார். வெள்ளனே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, சரிவான தோட்டத்தில் முன்னூறு நானூறு மரம் ஏறி இறங்கி வெட்டி, திரும்ப அதே மரங்களுக்குப் போய்ப் பால் எடுத்து, வாளியைச் சுமந்து வருவார். சமதளத்தில் நடக்கும்போதே இடுப்பு மூட்டில் உடம்பு எடையைப்போல் இரண்டரை மடங்கு சுமை விழும். கால் தடுக்கினால் அது ஏழெட்டு மடங்குவரை போகும். மழையில் வழுக்கும் தோட்டத்தில் தடுக்காத நாள் உண்டா? நம் மாவட்டத்தில் பால்வெட்டு, கட்டிட வேலை, பனையேற்றம், வள்ளத்து வேலை செய்கிறவர்களுக்கு மூட்டு மாற்றினால், “20 வருஷம் வரும்” என்ற சராசரியை அப்படியே நம்பி உட்காராதீர்கள். 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி 15 வருஷம் தாண்டுபவை 89 சதவீதம், 20 வருஷம் 70 சதவீதம், 25 வருஷம் 58 சதவீதம். இது எல்லா வகை ஆட்களையும் சேர்த்த கணக்கு.

அப்பாவுக்கு 2022 வாக்கில் கவட்டைப் பக்கம் ஒரு வலி தொடங்கியது. உட்கார்ந்து எழும்பினால் முதல் நாலைந்து அடி நொண்டுவார், அப்புறம் சரியாகிவிடும். கேட்டால் “எனக்கு ஒரு வேதனையும் இல்ல மக்ளே, நடக்கேன்லா” என்பார். இந்த முதல் நாலடி வலி முக்கியமான அடையாளம். கவட்டையில் வந்தால் கிண்ணத்தையும், தொடையின் நடுவில் வந்தால் தண்டையும் சந்தேகப்பட வேண்டும். எங்களுக்கு அது தெரியாது. காட்டிய இடத்தில் முதுகெலும்புத் தேய்மானம் என்று சொல்லி, எம்ஆர்ஐ எடுத்து, பெல்ட் போட்டு, வலி மாத்திரையும் பிசியோதெரபியுமாகக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் போனது. பணத்தை விடுங்கள், எலும்பு போய்க்கொண்டிருந்த வருஷம் அது. மூட்டு மாற்றியவருக்கு இடுப்பிலோ கவட்டையிலோ தொடையிலோ புது வலி வந்தால், அது மூட்டால் இல்லை என்று உறுதியாகும்வரை மூட்டைத்தான் முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும். டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

மூட்டைப் பார்க்கும் எக்ஸ்ரேயை எப்படி எடுப்பது, எப்படிப் பார்ப்பது என்பதை எந்த வீட்டிலும் கற்றுக்கொள்ளலாம். மல்லாந்து படுத்து, இரண்டு இடுப்பும் ஒரே படத்தில் தெரிய, பாதம் இரண்டும் லேசாக உள்நோக்கித் திரும்பியபடி எடுக்க வேண்டும். தண்டின் நுனியும் அதற்குக் கீழே கொஞ்சம் எலும்பும் தெரிய வேண்டும். பக்கவாட்டுப் படம் ஒன்றும் வேண்டும். ஒவ்வொரு முறையும் இதே நிலையில் எடுத்தால்தான் பழையதோடு ஒப்பிட முடியும். படத்தில் பாலிஎத்திலீன் தெரியாது. கிண்ணத்தின் வெள்ளை வளைவுக்கும் பந்தின் வெள்ளை வட்டத்துக்கும் நடுவே இருக்கும் கறுப்பு இடைவெளிதான் அது. புது மூட்டில் பந்து நடுவில் இருக்கும், மேலேயும் கீழேயும் இடைவெளி ஒன்றுபோல் தெரியும். தேயத் தேய பந்து மேல்நோக்கி ஏறும். கடைசியில் எக்ஸ்ரே எடுத்தபோது, அப்பாவின் படத்தில் டாக்டர் ஸ்கேலை வைத்துக் காட்டினார். பந்து 28 மில்லிமீட்டர் என்று தெரிந்ததால், படம் எத்தனை மடங்கு பெரிதாக விழுந்திருக்கிறது என்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மேலே 5 மில்லிமீட்டர், கீழே 11. வித்தியாசத்தில் பாதி, அதாவது 3 மில்லிமீட்டர், பந்து இடம் மாறியிருக்கிறது. 16 வருஷத்துக்கு வகுத்தால் வருஷம் 0.2-க்குப் பக்கம். இத்தனை நாள் அந்தப் படத்தில் பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்த ஒரு விஷயத்தை யாரும் பார்க்கவில்லையே என்று நினைத்தபோது அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. முதல் ஓரிரு வருஷத்தில் லைனர் அழுந்தி அமர்வதால் பந்து கொஞ்சம் மேலேறுவது இயல்பு, அதைத் தேய்மானத்தோடு சேர்க்கக் கூடாது. அதற்குப் பிறகும் தொடர்ந்து ஏறினால் விடக் கூடாது. எலும்பில் எவ்வளவு பொக்கை என்பதை எக்ஸ்ரே குறைத்தே காட்டும். உலோகத்தால் படம் சிதறித் தெரிவதைக் குறைத்து எடுக்கும் சிடி ஸ்கேனில்தான் முழு அளவு தெரிந்தது. கிண்ணத்துக்குப் பின்னால் ஒரு எலுமிச்சை அளவுக்கு எலும்பு இல்லை.

அடுத்தது கிருமி இல்லை என்று உறுதிப்படுத்துவது. மூட்டு ஆடுவதற்குத் தேய்மானம் ஒரு காரணம், உள்ளே மெதுவாகப் பரவும் கிருமித்தொற்று இன்னொரு காரணம். இரண்டுக்கும் செய்யும் ஆபரேஷன் வேறு. ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற இரண்டு ரத்தப் பரிசோதனை, சந்தேகம் இருந்தால் மூட்டுக்குள் ஊசி போட்டு நீர் எடுத்து வளர்த்துப் பார்ப்பது. நீர் எடுப்பதற்கு முன்னால் குறைந்தது இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் எதுவும் போட்டிருக்கக் கூடாது, போட்டால் கிருமி இருந்தும் வளராது. வலி என்றதும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கித் தின்பது நம் ஊரில் சாதாரணம். மூட்டு மாற்றியவருக்கு அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

இனி ஸ்டிக்கர் விஷயம். இதைத்தான் எல்லாவற்றையும்விட முக்கியமாகச் சொல்ல வேண்டும். மூட்டின் ஒவ்வொரு பாகத்தின் பெட்டியிலும் ஒட்டும் ஸ்டிக்கர்கள் இருக்கும். கம்பெனி பெயர், பாக எண், லாட் எண், சைஸ், என்ன பொருள் எல்லாம் அதில் உண்டு. ஆபரேஷன் நோட்டில் ஒரு செட் ஒட்டுவார்கள், மிச்சத்தை நாம் கேட்டால் தருவார்கள். அப்பாவுடையது வீட்டில் இல்லை. முதல் ஆபரேஷன் செய்த இடத்திலும் பழைய ரெக்கார்டு அழிக்கப்பட்டிருந்தது. உள்நோயாளி ஆவணங்களை 3 வருஷம் வைத்திருந்தால் போதும் என்பதுதான் மருத்துவக் கவுன்சில் விதி. அந்தக் காலத்துக்குள் நோயாளி எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் நகல் கொடுக்க வேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு. கிண்ணத்தின் படத்தைப் பார்த்து இன்ன மாடலாக இருக்கலாம் என்று டாக்டர் ஊகித்தார். ஆனால் லைனர் கிண்ணத்துக்குள் பூட்டிக்கொள்ளும் அமைப்பு கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். சரியான ஜோடி கிடைத்தால் கிண்ணத்தை அசைக்காமல் லைனரையும் பந்தையும் மட்டும் கழற்றி மாற்றிவிடலாம், பின்னாலுள்ள பொக்கையில் எலும்புத் துகள் நிரப்பலாம். ஊகித்த மாடலின் லைனர் இப்போது தயாரிப்பிலேயே இல்லை. எலும்பில் உறுதியாகப் பிடித்திருக்கும் கிண்ணத்துக்குள் புது லைனரைச் சிமெண்ட் வைத்து ஒட்டுவதும் ஒரு வழி. அப்பாவின் கிண்ணத்தில் அதற்கு இடம் போதவில்லை. ஆகவே எலும்போடு ஒட்டியிருந்த கிண்ணத்தையே வளைந்த உளியால் சுற்றிச் செதுக்கி எடுக்க வேண்டியதாயிற்று.

இதற்காகக் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போனோம். மறு ஆபரேஷன் அடிக்கடி செய்யும் டாக்டரைத் தேடிப் போவது அவசியம், முதல் ஆபரேஷனைவிட இது கடினம். ஆனால் புறப்படும் முன் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் பட்டியலில் அந்த மருத்துவமனை உண்டா, மறு ஆபரேஷனுக்கு எவ்வளவு அனுமதி, மூட்டின் விலை அதற்குள் அடங்குமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு எல்லாம் கைக்காசு. ஐந்தே முக்கால் லட்சம் ஆனது. நகை அடகுக்குப் போனது, தம்பி அங்கே கடன் வாங்கி அனுப்பினான். லைனரும் பந்தும் மட்டும் மாற்றும் நிலையில் வந்திருந்தால் இதில் பாதிகூட ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னார். முழங்கால் மூட்டுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலை உச்சவரம்பு போட்டது. இடுப்பு மூட்டுக்கு அப்போது போடவில்லை. ஆகவே கிண்ணம், லைனர், பந்து, திருகு என்று தனித்தனியாக விலை கேளுங்கள், பெட்டியின் மேலுள்ள எம்ஆர்பியைப் பில்லோடு ஒப்பிடுங்கள்.

எடுத்த லைனரை ஸ்டீல் தட்டில் வைத்துக் காட்டினார்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் பழுப்பேறிய மஞ்சள். கையுறை போட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னார் டாக்டர். ஒரு பக்கம் வழுவழுப்பாகப் பந்து குடைந்த இரண்டாவது குழி, அதன் ஓரத்தில் விரல் தட்டும் ஒரு வரம்பு. மெலிந்த பக்கத்தை லைட்டுக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது. அது முழுசாகத் தேய்ந்திருந்தால் பந்து உலோகக் கிண்ணத்தையே உரசி, திசுவெல்லாம் கறுத்திருக்கும் என்றார்.

புதிதாக எதை வைப்பது என்று கேட்டார்கள். இப்போதைய லைனர் குறுக்குப் பிணைப்பு செய்த பாலிஎத்திலீன். 1990-களின் கடைசியில் வந்தது. கிருமி நீக்கத்துக்குத் தேவையானதைவிட அதிகமாக, 50 முதல் 100 கிலோகிரே வரை கதிர்வீச்சு கொடுத்து அதன் சங்கிலிகளைப் பிணைப்பார்கள். தேய்மானம் பழையதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். நாளடைவில் காற்றுப் பட்டு மக்காதிருக்க வைட்டமின் ஈ கலந்த வகையும் உண்டு. பந்துக்கு செராமிக் நல்லது, எளிதில் கீறல் விழாது. பந்தும் லைனரும் இரண்டுமே செராமிக் என்றால் தேய்மானம் மிக மிகக் குறைவு, ஆனால் சிலருக்குக் கிறீச் சத்தம் வரும், அபூர்வமாக உடையும். உடைந்தால் துணுக்குகள் திசுவில் தங்கிவிடும். அதன்பின் உலோகப் பந்து வைத்தால் அவை அதை அரைத்துத் தள்ளும், திரும்பவும் செராமிக்தான் வைக்க வேண்டும். உலோகத்துக்கு உலோகம் என்ற வகையை யாரும் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டிபூய் கம்பெனியின் ஏஎஸ்ஆர் மூட்டு அந்த வகைதான். கோபால்ட், குரோமியம் ரத்தத்தில் கலந்து திசு அழுகியதால் 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் மட்டும் சுமார் 4,700 ஆபரேஷனில் அதை வைத்திருந்தார்கள். 2019-ல் உச்ச நீதிமன்றம்வரை போய் நஷ்டஈட்டுக்கு வழி பிறந்தது. யார் யாருக்கு வைத்தது என்று கண்டுபிடிக்கவே அப்போது ஸ்டிக்கரும் ஆபரேஷன் நோட்டும்தான் தேவைப்பட்டன.

அப்பாவுக்குத் தண்டு உறுதியாக இருந்தது, அதை விட்டுவிட்டார்கள். பழைய தண்டின் முனையில் நேராகச் செராமிக் பந்தை வைத்தால் அந்த முனையிலுள்ள கீறல் பந்தை உடைக்கலாம். அதனால் நடுவில் டைட்டானிய உறை போட்ட பந்து வைத்தார்கள். பொக்கையில் எலும்புத் துகளை இறுக்கி நிரப்பி, நுண்துளையுள்ள பெரிய கிண்ணத்தைத் திருகு போட்டுப் பொருத்தினார்கள். கிண்ணம் எத்தனை டிகிரி சாய்வு என்று கேளுங்கள். 40-ஐ ஒட்டி இருப்பது நல்லது. 50-க்கு மேல் செங்குத்தாக நின்றால் சுமை ஓரத்தில் விழுந்து தேய்மானம் கூடும், பந்து நழுவவும் வாய்ப்பு அதிகம்.

மறு ஆபரேஷனுக்குப் பிறகு பந்து நழுவும் ஆபத்து முதல் தடவையைவிடக் கூடுதல். ஆறு வாரம் வாக்கர், காலில் பாதிப் பாரம். பலகையில் குத்தவைத்து உட்காருவது, கோயிலிலும் சர்ச்சிலும் தரையில் சம்மணம் போடுவது, இந்தியன் கக்கூஸ், தாழ்ந்த கட்டில் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். ஆட்டோவில் ஏறும்போது முதலில் பின்பக்கத்தை சீட்டில் வைத்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். அப்பா பால்வெட்டை விட்டுவிட்டார். இப்போது தோட்டத்தில் ரப்பர் சீட் அடிக்கும் ஷெட்டில் நின்று செய்யும் வேலைதான். அந்த வருமானக் குறைவையும் நான் இந்த நஷ்டத்தில்தான் சேர்க்கிறேன்.

இப்போது பின்பற்றுவது இதுதான். ஆபரேஷன் முடிந்து ஆறாவது வாரம், பிறகு ஒரு வருஷம், அப்புறம் வருஷம் ஒருமுறை, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எக்ஸ்ரே. பழைய லைனர் வைத்தவர்களுக்கு ஏழெட்டு வருஷம் தாண்டிவிட்டால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. பிலிம் மழைக்காலத்தில் ஒட்டிக்கொண்டு கெட்டுவிடும், அதனால் படத்தைக் கம்ப்யூட்டர் டிஸ்க்கில் போட்டு வாங்குகிறேன். இந்த முறை வாங்கிய ஸ்டிக்கர் நான்கையும் போட்டோ எடுத்துத் தம்பிக்கும் அனுப்பி, ஒரிஜினலை ரேஷன் கார்டு வைத்திருக்கும் கவரிலேயே வைத்திருக்கிறேன். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜிலோ மார்த்தாண்டத்தில் எந்த ஸ்கேன் சென்டரிலோ எடுத்தாலும் சரி, போகும்போது முந்தைய படத்தைக் கையோடு கொண்டுபோய், “இதே போலப் படுக்க வைத்து, இரண்டு இடுப்பும் விழும்படி எடுங்கள்” என்று டெக்னீஷியனிடம் சொல்லுங்கள்.